ஸம்ஸம் நனைந்த சீலை

எத்தாளையில் ஒரு பெண் மவுத்தானால், உயிர் பிரிந்த செய்தியோடு ஓர் ஆள் பள்ளிவாசலுக்குப் போவார், அடுத்தவர் மர்ழியாவின் வீட்டுக்கு ஓடுவார். ஊரிலும் அக்கம்பக்கத்திலும் இறந்த பெண்களின் உடலை, ஜனாஸாவை, குளிப்பாட்டி வெள்ளைச் சீலையால் சுற்றிக் கபனிடுகிறவள் அவள்தான். அந்த வேலைக்கு அவளை யாரும் நியமிக்கவில்லை. மாமியாரின் ஜனாஸாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனவள் பார்த்துப் பார்த்துப் பழகினாள். தெரியாததை மௌலவிமாரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டாள்.

இலந்தை இலையை எவ்வளவு கசக்கினால் நுரை வரும், கடைசித் தண்ணீரில் கற்பூரம் எவ்வளவு சேர வேண்டும், இறுகிப்போன முழங்கையை எந்தப் பக்கம் தடவினால் இளகும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். கபன் சீலைக்குக் கத்தரிக்கோலை முழுதாக ஓட்டமாட்டாள். ஓரத்தில் சின்ன வெட்டு வைத்துக் கையால் கிழிப்பாள். குளிப்பாட்டும்போது மையித்தாகக் கிடக்கும் உடலோடு, ஓர் அக்காவிடம் பேசுவதுபோலக் கதைப்பாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்க ராத்தா. நோகுதா? இந்தா முடிஞ்சிது."

ஜனாஸாவைத் தாமதப்படுத்துகிறவர்களை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. கொழும்பிலிருந்து மகன் வரவேண்டும், தம்பி வரவேண்டும் என்று யாராவது இழுத்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். "வாறவங்களுக்கு அவசரமில்ல. போறவங்களுக்கு அவசரம் இரிக்கிதே, அத யாரு பாக்கிற?"

வியாழக்கிழமைகளில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மதறசாவில் பெண்களுக்கு றஸ்மி மௌலவி பயான் செய்வார். ஒரு வருடம் ஸுஹ்து என்ற பற்றின்மையை எடுத்துக்கொண்டு, ஆரம்பகாலத்து அறிஞர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று வாராவாரம் விளக்கினார். மர்ழியாவுக்கு அது உடனே பிடித்துவிட்டது. வீட்டுக் கதிரைகளில் நல்லதை அயல்வீட்டுக்குக் கொடுத்தாள். பூப்போட்ட உடுப்புகளை ஒதுக்கினாள். சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தில் தேங்காய்ப்பாலை நிறுத்தினாள். கடலுக்குப் போய் வருகிற அவள் புருஷன் தாஹிர், இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஸுஹ்து ஒனக்கா, எனக்கா புள்ள?" என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"அப்ப மீன நானே புடிச்சி, நானே திங்காம, கடல்லயே உட்டுட்டு வாறன்."

அடுத்த வியாழன் மௌலவி, கூஃபாவில் வாழ்ந்த ஓர் அறிஞரைப் பற்றிப் பேசினார். உலகப் பற்றை விடுவது முரட்டுச் சாப்பாட்டிலும் முரட்டுத் துணியிலும் இல்லை, நாளையைப் பற்றிய ஆசையைச் சுருக்கிக்கொள்வதில்தான் இருக்கிறது என்பது அவர் கருத்தாம். மர்ழியா அதை ஒளிக்காமல் வீட்டில் வந்து சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் திரும்பி வந்தது.

"அந்தப் பெரிய மனிசனுக்கு அல்லாஹ் சொர்க்கத்தக் குடுக்கட்டும்" என்றார் தாஹிர், ஆணத்தை வழித்துக்கொண்டு.

ஆனாலும் அலுமாரியில் மேல்தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பொதி இருந்தது. ஜித்தாவில் வேலை செய்யும் தம்பி ஃபாஹிம், மக்காவின் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்தி அனுப்பிய வெள்ளைப் பருத்திச் சீலை. மர்ழியா தன் கபனுக்கென்று வைத்திருந்தாள். றமழானுக்கு முன்பு அதை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்புகளை மாற்றி மடித்துக் கற்பூரம் வைப்பாள். அந்த வேலை நடக்கும்போது தாஹிருக்குத் தேத்தண்ணி கிடையாது. ஒருமுறை ஈரக்கையால் அதைத் தொட்டுவிட்டு அவர் வாங்கிய ஏச்சு அடுத்த வளவு வரைக்கும் கேட்டது.

"கலியாணச் சாரிக்கும் நீ இப்பிடிக் காவல் இருக்கல்லியே."

"அது துனியாட சாமான். இது ஆகிறத்துட சாமான்."

உலகத்தையும் மறுமையையும் இப்படிப் பிரித்து வைத்திருந்ததால், அந்தப் பொதியைப் பற்று என்று அவள் நினைத்ததே இல்லை.

கார்த்திகை மாதத்தில் அந்தப் பெருமழை வந்தது. தோட்டங்கள் குளமாகின. பாலாவிப் பக்கம் ரோட்டை வெள்ளம் மூடியதால் புத்தளத்திலிருந்து ஒரு லொறியும் வரவில்லை. பள்ளமான இடத்திலிருந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. நாலாம் நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அங்கே ஹாஜறா உம்மா மவுத்தானார். வெகுகாலம் விதவையாக, வெள்ளைச் சாரியோடு வாழ்ந்தவர். பக்கத்தில் அவர் மகள் ஃபஹ்மியாவும், அவளுடைய இரண்டு மாதக் குழந்தையும் இருந்தார்கள்.

மர்ழியா போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த செய்னுலாப்தீன் நானா வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ பிழை என்று விளங்கியது.

"பள்ளிவாசல் அலுமாரிக்கு மேல கூரை ஒழுகியிருக்கிது மர்ழியா. கபன் சீலை எல்லாம் பூஞ்சணம் புடிச்சிப் பொய்த்திது. சீலக்கடக்காரர் புத்தளத்தில மாட்டிக்கிட்டார். ஒங்களுக்குத் தெரிஞ்சி எங்கயாலும் சீலை இரிக்கிதா?"

மர்ழியாவின் வாய் திறந்தது. "பாப்பம் நானா" என்று மட்டும் வந்தது.

அவள் தாஹிரைக் கூப்பிட்டு, வெள்ளைச் சீலை தேடிக் கண்டக்குழிக்கு அனுப்பினாள். அவர் போகும் முன் அவளை ஒரு பார்வை பார்த்தார். வெந்நீர் வைத்தாயிற்று. இலந்தை இலை கசக்கியாயிற்று. அவள் மறுபடியும் கசக்கினாள். நடுப்பகல் ளுஹர் தொழுகையும் முடிந்தது. ஆண்கள் குடைகளோடு வந்து நின்றார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் சீலைக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவளை முள்ளாகக் குத்தியது. 'அது எனக்கென்று ஸம்ஸத்தில் நனைத்தது. இன்னொன்று எங்கே கிடைக்கும்? நான் நாளைக்கே போய்விட்டால்?' என்று உள்ளே ஒரு குரல் வாதாடிக்கொண்டே இருந்தது.

தாஹிர் நனைந்து திரும்பினார். அங்கே வெள்ளைக்காரர் தங்கும் விடுதி ஒன்றில் இரண்டு வெள்ளைக் கட்டில் விரிப்புகள் கொடுத்திருந்தார்கள். விரித்துப் பார்த்தால் மூலையில் நீல நூலில் ஒரு காற்றாடி. கீழே விடுதியின் பெயர்.

"மையித்துக்குக் காத்தாடியா?" என்றாள் மர்ழியா.

"ஓரத்தக் கிழிச்சிட்டாப் போச்சி. கிழிக்கிறதுக்கு ஒனக்குச் செல்லித் தரோணுமா?"

அவர் சொன்னது சரி. ஆனாலும் அவள் விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணி நைலோன் கலந்தது, வழுக்கியது. "வேற பாப்பம்" என்றாள். தாஹிர் குரலைத் தாழ்த்தினார். "நீ என்னத்தப் பாக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். நான் செல்லமாட்டன். நீதான் செல்லோணும்."

அப்போது ஃபஹ்மியா வந்தாள். கையில் மடித்த இரண்டு வெள்ளைச் சாரிகள்.

"மாமி, இது உம்மாட. பழசுதான். கழுவிக் காயப்போட்டது. பொலித்தீன் பேக்ல கொண்டு வந்ததால நனையல்ல. பழசில கபனிட்டா உம்மாவுக்குக் குறைவாகுமா?"

அவள் அழாமல் கேட்டதுதான் மர்ழியாவைப் பதறவைத்தது. "ஒரு குறைவும் இல்ல மகள்" என்றாள் அவசரமாக. "முதலாவது கலீபா, அபூபக்ர் நாயகம் இரிக்கிறாங்களே, மவுத்தாகிற நேரம் உடுத்திருந்த பழைய உடுப்பக் கழுவி அதிலயே கபனிடச் சொன்னாங்களாம். அவங்கட மகள், இது பழசாச்சே எண்டு செல்ல, புதுச் சீலைக்கு மையித்த விட உசிரோட இருக்கிறவங்களுக்குத்தான் உரிமை கூட எண்டு..."

சொல்லிக்கொண்டே சாரிகளைக் கையில் வாங்கினாள். மேலே இருந்த சாரியில் பால் மணம் வீசியது. ஃபஹ்மியாவின் பின்னால், மேசைகளைச் சேர்த்துப் போட்ட இடத்தில், குழந்தை ஒரு துவாய்த் துண்டில் சுருண்டு முனகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அதைச் சுற்றியிருந்தது இந்தச் சாரிதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் குழந்தையைச் சுற்றக் காய்ந்த பருத்தித் துணி வேறு கிடையாது. மர்ழியா வாயை மூடிக்கொண்டிருந்ததால், உயிரோடு இருந்த பிள்ளையின் சீலை மையித்துக்கு வந்திருந்தது.

மகள் உம்மாவுக்கென்று நீட்டியதைத் திருப்பிக் கொடுத்து, இனியும் ஜனாஸாவை நிறுத்தி வைக்க அவளுக்கு மனமில்லை. ஹாஜறா உம்மாவைக் குளிப்பாட்டினாள். அன்று மையித்தோடு கொஞ்சம்தான் கதைத்தாள். "சுணக்கிப் போட்டன் ராத்தா. என்னப் பொறுத்துக்கங்க." சாரிகளை அளந்து கிழித்து, பழைய துணி நைந்துவிடாமல் மெல்ல இழுத்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் கபனிட்டாள். அஸருக்கு முன்பே ஜனாஸா அடக்கத்துக்கு மையவாடிக்குப் போனது.

பிறகு அவள் மழையோடு வீட்டுக்கு நடந்தாள். அலுமாரியைத் திறந்தாள். பொதியை நெஞ்சோடு அணைத்துச் சிறிது நேரம் நின்றாள். அந்த நிற்பு அவளுக்கு வேண்டியிருந்தது. பிறகு ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள்.

ஃபஹ்மியா பார்த்தவுடன் பின்வாங்கினாள். "மாமி, இது ஒங்கட... எல்லாருக்கும் தெரியுமே. எனக்கு வேணாம்."

"ஒனக்கா குடுக்கிறன்? புள்ளைக்கு."

"புள்ள மூத்திரம் பெஞ்சிரும்."

"பெய்யாம வேற என்ன செய்யும்?"

ஓரத்தில் வெட்டு வைத்துக் கிழித்தாள். ஒரு துண்டில் குழந்தையைச் சுற்றினாள், இன்னொன்றை ஏணைத் தொட்டிலாகக் கட்டச் சொன்னாள், மீதியை வரிசையாகப் படுத்திருந்த மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். குழந்தை முனகுவதை நிறுத்தி, கற்பூர மணத்துக்கு ஒரு தும்மல் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபஹ்மியா சொன்னபடியே நடந்தும்விட்டது. மர்ழியாவுக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. "அல்லாஹ், இவ்வளவு சுறுக்காவா?" என்றாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஃபஹ்மியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். மர்ழியா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்த பிறகு தாஹிர் ஒருநாள் கேட்டார். "இனி ஒனக்குச் சீலைக்கு என்ன செய்யிற? ஃபாஹிமுக்குச் செல்லவா?"

"வேணாம்" என்றாள் மர்ழியா, மீனைக் கழுவிக்கொண்டே. "அந்த நேரம் யாரு மிஞ்சி இரிக்கிறாங்களோ அவங்க பாத்துக்கட்டும். பழசு எண்டாலும் பறவால்ல."

"விடுதிக்காரன்ட விரிப்பு ரெண்டும் இன்னம் கெடக்கிது."

"காத்தாடியக் கிழிச்சிப்போட்டு வைங்க" என்றாள் அவள்.