இருபத்தெட்டு புள்ளி இரண்டு

ஷெட்டில் என் தங்கச்சிக்கு ‘மீட்டரம்மா’ என்று பெயர். வைத்தவர்கள் என்னோடு லாரி ஓட்டுகிறவர்கள். மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஒயரை உரசிப் பொறி பறந்தால் ‘கரண்டு இருக்கு’ என்று போய்விடுவார்கள். இவள் மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் நகரமாட்டாள். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் உள்ளுக்குள் நானும் சிரித்தவன்தான். இந்தக் கதையில் தப்புப் பண்ணியவனும் நான்தான். தங்கச்சியின் பெருமையைச் சொல்ல வந்துவிட்டு என் வண்டவாளத்தை மறைப்பது நியாயமில்லை.

சின்ன வயதிலேயே அவள் யார் சொன்னாலும் நம்புகிற ரகம் இல்லை. “கரண்டு போயிடுச்சுடி” என்றால், பக்கத்து வீட்டில் ஃபேன் சுற்றுகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். “சாமியே நேர்ல வந்து நின்னாலும் இவ ஃபியூஸைக் கழட்டிப் பாத்துட்டுத்தான் கும்பிடுவா” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியை மூன்று முறை பிரித்து மூன்று முறை மாட்டியிருக்கிறாள். மூன்றாவது முறை ஒரு திருகு மிச்சம் வந்தது. இன்றுவரை அது இல்லாமலேதான் பெட்டி ஓடுகிறது.

தொழிற்பள்ளியில் படித்தாள், மோட்டார் காயில் சுற்றும் கடையில் எட்டு வருஷம் உட்கார்ந்தாள், கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். முப்பத்திரண்டு வயதில், நான் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிற லாரி கம்பெனியின் ஷெட்டில் ஆறு மாதச் சோதனையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் போர்மேன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிரந்தரம். அவள் புருஷன் தையல்காரர், முதுகு வலியில் பாதி நாள் மிஷினில் உட்கார முடியாது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

அவள் சேர்ந்த நேரம் ஷெட்டில் பேட்டரிப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை எங்கள் பதினைந்து லாரிகளிலும் தண்ணீர் ஊற்றுகிற பேட்டரிதான். முதலாளி புதிதாக, உள்ளே கூழ் அடைத்து மேலே ஒட்டி மூடின ரகத்தை வாங்கிப் போட்டார். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம், குலுங்கினாலும் சிந்தாது என்றார்கள். இரண்டே மாதத்தில் ஒவ்வொன்றாக வயிறு உப்பிச் செத்தது. மாற்றிப் போட்டதும் உப்பியது. என் வண்டியில் இரண்டு செட் போய்விட்டது. “கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்” என்று போர்மேன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

என் தங்கச்சி மட்டும் செத்த பேட்டரியைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்து, பெட்டிச் சுவரை ஒட்டி மறைந்திருந்த லேபிளைத் துணியால் துடைத்துப் படித்தாள். சார்ஜ் ஆகும்போது இருபத்தெட்டு புள்ளி இரண்டு வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தது. எங்கள் ஷெட்டிலோ பதினைந்து லாரியின் டைனமோவும் இருபத்தொன்பதில் இருந்தது. போர்மேன் தன் கையால் வைத்த அளவு.

நேராக அவரிடம் போய்ச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன்.

“இருபது வருஷமா இருபத்தொன்பதுதாம்மா. ஒரு வண்டி நின்னதில்ல.”

“அது தண்ணி பேட்டரி சார். கொதிச்சு வத்தினா திரும்ப ஊத்திக்கலாம். இதை ஒட்டி மூடியிருக்காங்க. உள்ள வத்தினா வத்தினதுதான்.”

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, உன் அண்ணன் வண்டியிலயே வச்சுப் பாரு. இந்த செட்டும் போச்சுன்னா நிரந்தரம் அது இதுன்னு என்கிட்ட வரக் கூடாது.”

அடுத்த நாள் என்னை ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வரச் சொன்னாள். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் முனைகளை டைனமோவில் வைக்காமல் பேட்டரி டெர்மினலிலேயே வைத்தாள். வழியில் ஒயர் தின்பது போக, பேட்டரிக்கு என்ன வந்து சேர்கிறது என்பதுதான் கணக்காம். ரெகுலேட்டர் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். எண் இறங்கி நின்றது. விளக்குகளைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். அரை மணி கழித்து மறுபடி பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து என் பெண்டாட்டியின் நகப்பூச்சை எடுத்துத் திருகின் தலையில் ஒரு பொட்டு வைத்தாள்.

“உங்க அண்ணி ரெண்டு நாளா இதைத்தான்டி தேடுறா!”

“இருக்கட்டும்ணே. திருகு நகர்ந்தா பூச்சு விரிசல் விடும். பாத்ததுமே தெரிஞ்சிரும்.”

எங்கள் ஷெட்டில் வண்டி நோட்டில் ‘பார்த்தாயிற்று’ என்று மட்டும்தான் எழுதுவார்கள். யார் பார்த்தது என்று இருக்காது. நாளைக்கு வண்டி வழியில் நின்றால் யார் தலையும் உருளக் கூடாது இல்லையா? இவள் எழுதினாள்: ‘கூழ் பேட்டரிக்காக 29 இலிருந்து 28.2 ஆகக் குறைத்தது நான்.’ கீழே கையெழுத்து, தேதி. “வாயைக் குடுத்து மாட்டிக்காதடி” என்றேன். கேட்டால்தானே!

மூன்று மாதம். நான் திரும்பி வரும்போதெல்லாம் அளந்து நோட்டில் ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் அதே எண். பேட்டரியின் பக்கங்கள் பலகை மாதிரி நேராக இருந்தன. சாவியைத் திருப்பினால் ஒரே உறுமலில் வண்டி எடுத்தது.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடையில் நாலு டிரைவர் சேர்ந்தால் இதே பேச்சு. “தங்கச்சி சார்ஜைக் குறைச்சுட்டாளாமே, ஏத்தத்துல நின்னா நீதானப்பா தள்ளணும்.” சிரித்து மழுப்பினேன். பிறகு ஒரு நாள், சரக்கு இறக்கக் காத்திருந்து திரும்பக் கிளம்பும்போது செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுத்தது. முந்தின நாள் பகல் முழுக்கக் கேபின் ஃபேனையும் ரேடியோவையும் ஓடவிட்டுத் தூங்கியவன் நான். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் பயம்தான் முந்தியது. வண்டி நின்றால் அவள் வேலை போய்விடும் என்று ஒரு பயம், நாலு பேர் முன்னால் என் மானம் போய்விடும் என்று இன்னொரு பயம். ரோட்டோர எலக்ட்ரீஷியன் கடையில் நிறுத்தி, “பழையபடி இருபத்தொன்பதுல வச்சிரு” என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரமும் நீண்ட ஓட்டம், ஷெட் பக்கம் வரவே இல்லை.

நான் திரும்பி வந்தபோது சோதனைக் காலம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி. போர்மேன் தானே வந்து வண்டிப் பக்கத்தில் நின்றார். “அளந்து காட்டும்மா.” அவள் மீட்டரை வைத்தாள். சுத்தமாக இருபத்தொன்பது. பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். கை வைக்க முடியாத சூடு, இரண்டு பக்கமும் உப்பத் தொடங்கியிருந்தது.

“நோட்டுல ஒண்ணு, மீட்டர்ல ஒண்ணு. எதும்மா பொய்?”

அவள் குனிந்து திருகைப் பார்த்தாள். பூச்சு வெடித்திருந்தது. நிமிர்ந்து என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். “யாரோ திருகியிருக்காங்க சார். நான் இல்ல.”

“யாரு?”

“தெரியல சார்.”

போர்மேன் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாலு எட்டு வைத்திருப்பார்.

“நான்தான் சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். ஃபேன், ரேடியோ, பயம், ரோட்டோரக் கடை, ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அவர், “எத்தனை நாளாச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“மூணு வாரம்.”

நோட்டைத் திறந்து மூன்று மாதத்து வரிகளையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். மறுபடி பெட்டியண்டை குனிந்து, உப்பின பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அதே பேட்டரி. இந்தப் பொண்ணு வச்ச அளவுல மூணு மாசம் நல்லா இருந்துச்சு. நான் வச்ச அளவுல மூணு வாரம் தாங்கல.”

அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அங்கேயே நின்று அவள் நிரந்தரக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். “பதினஞ்சு வண்டியையும் இருபத்தெட்டு புள்ளி ரெண்டுக்கு நீயே இறக்கிரும்மா” என்றார். என்னைப் பார்த்து, “உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்” என்றார். கவனித்தார், ஒரு மாதம் எனக்கு வண்டியே தரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான்தான்னு உனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு, இல்ல?”

“தோணுச்சு.”

“அப்புறம் ஏன்டி தெரியலன்ன? நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா உன் வேலை போயிருக்குமே!”

“தோணினதை எப்படிண்ணே சொல்றது? நீ திருகினதை நான் பாக்கலையே” என்றாள். எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள் என்று நான் நினைத்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “என்மேல நம்பிக்கை இல்லன்னா நேரா கேட்டிருக்கலாம்லண்ணே, சேந்தே அளந்து பாத்திருப்போம்” என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அன்றைக்கு ஷெட்டில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் ‘அவ என் தங்கச்சி’ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பதினெட்டு வருஷமாக என்னையும், ஆறு மாதமாக அவளையும் அறிந்த வாட்ச்மேனிடம்கூடச் சொன்னேன்.

“தெரியுமேப்பா” என்றார்.

எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.