பராஸ்காவின் இரட்டைக் கதவு

2019 டிசம்பர் 14, சனிக்கிழமை. சுழியத்துக்குக் கீழே இருபத்தொன்பது டிகிரி, காற்று இல்லை. சூரியனின் இரு பக்கத்திலும், காற்றில் மிதக்கும் பனித்துகளில் ஒளி பட்டு உண்டாகும் இரண்டு பொய்ச் சூரியன்கள் மங்கலாக நின்றன. புகைபோக்கிகளின் புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே சென்றுகொண்டிருந்தது.

பல் மருத்துவர் வீட்டு முன்னறையில் பராஸ்கா ஹுமெனியுக் முழந்தாளிட்டிருந்தார். அவர் கையில் ஒரு நூல். நூலின் முனையில் வாத்தின் மெல்லிய இறகு ஒன்று. இரட்டைக் கதவின் இரு பக்கங்களும் சந்திக்கும் பிளவுக்கு எதிரே அதைத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். இறகு சிறிது நேரம் சும்மா இருந்தது. பிறகு, உறக்கத்தில் தலையைத் திருப்பும் குழந்தையைப்போல், மெல்ல வீட்டுக்குள் திரும்பியது.

"காத்து வருதும்மா," என்றார் பராஸ்கா.

காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த மருத்துவரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் வீட்டுக்காரர்கூட இந்தக் கதவுக்கு முன்னாடி இப்படிக் குனிஞ்சதில்ல."

"அவரு ஊரார் வாய்க்குள்ள குனியவே நேரம் சரியா இருக்கும். எழுந்திரு, தாயே!" பின்னது அவர் தம் இடது முழங்காலுக்குச் சொன்னது. அவர் அதனோடு மரியாதையாகவே பேசுவார்.

எங்கள் டாஃபின் ஊரில் இரட்டைக் கதவு வைத்த வீடுகள் மிகச் சில. அவை அனைத்தின் வாசலிலும் அந்தக் குளிர்காலத்தில் அவர் முழந்தாளிட்டார். கடுங்குளிர் நாளாகப் பார்த்துத்தான் வருவார். இளங்குளிரில் எந்தக் கதவும் நல்ல கதவாக நடிக்கும் என்பது அவர் கருத்து. இறகைப் பார்த்த பின், புறங்கையை எச்சிலால் நனைத்துக் கீல்களின் ஓரம் நகர்த்துவார். திருகாணியின் தலையில் வெண்பனி பூத்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார். ஊரார் அவருக்கு 'இறகுக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தது அவருக்குத் தெரியும். "இறகு இல்லாத வாத்துன்னு சொல்லாம விட்டாங்களே," என்பார்.

வயது எழுபத்தொன்று. குள்ளமான, அகன்ற உருவம். கணவரின் பழைய மேலங்கி. அதன் வலப் பையில் சூரியகாந்தி விதை, இடப் பையில் அதன் தோல். பேசும்போது ஒரு கை எடுக்கும், மறு கை போடும். இரண்டும் இடம் மாறியதை எவரும் கண்டதில்லை.

முப்பது ஆண்டுகள் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். மூக்குமுடி உறையும் காலைகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினால், ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். ஆகவே எல்லோரையும் படியருகே நெருக்கி நிற்கவைத்து, கதவை ஒரே முறை திறப்பார். "கும்பலா வா!" என்னும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்று ஊரில் பாதிப்பேர். "தொறக்கறதுக்குக் கை போதும். சீக்கிரம் மூடறதுக்குத்தான் மூளை வேணும்," என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு.

எங்கள் பக்கத்தில் முன்வாசல் அன்றாடப் புழக்கத்துக்கு உரியது அன்று. வீட்டாரும் அண்டை வீட்டாரும் பக்கவாசலால்தான் வருவார்கள். முன்வாசல், பாதிரியார் வந்தால் திறக்கும். சவப்பெட்டி புறப்பட்டால் திறக்கும். ஜனவரி ஆறாம் தேதி மாலையில், அதாவது பழைய நாட்காட்டியின் கிறிஸ்துமஸ் முன்மாலையில், கழியில் ஏற்றிய பெரிய நட்சத்திரத்தோடு வீடு வீடாகப் பாடி வருகிறோமே, எங்களுக்காகவும் திறக்கும்.

அந்த ஆண்டு ஜனவரியில் பராஸ்கா வீட்டு முன்வாசல் அப்படித்தான் திறந்தது. குறுகிய ஒற்றைக் கதவு. நட்சத்திரத்தைச் சாய்த்து நுழைக்கவேண்டியிருந்தது. நாங்கள் பதினைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தோம். அதுவரையில் குளிர், வெள்ளைப் புகையாகத் தரையோடு தவழ்ந்து அறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய கணவர் டாமியான், தானியக் கிடங்கின் தூசியில் நுரையீரலைப் பாதி தொலைத்தவர். அந்தப் புகை அவர் காலைத் தொட்டு மேலே ஏறியதும் மூச்சு அடைத்தது. முதல் அடியோடு எங்கள் பாட்டு நின்றது. அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். குளிர்காற்று இனி அவர்மீது படவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகள் அந்த நட்சத்திரத்தை ஏந்தியவர் டாமியான், பாட்டின் கனத்த கீழ்க்குரலும் அவருடையதே. அவரே அந்த ஆண்டு நவம்பரில் எங்கள் தலைவி ஸ்லாவ்காவை அழைத்து, "இந்த வருஷம் எங்க வீட்டத் தாண்டிப் போயிடுங்க," என்று சொன்னார். அதைச் சமையலறையிலிருந்து கேட்ட பராஸ்கா மறுநாளே கதவு தேடப் புறப்பட்டார்.

பக்கவாசலால் வந்துவிடுகிறோமே என்று ஸ்லாவ்கா சொல்லிப் பார்த்தாள். "நட்சத்திரத்தோட வர்றவங்கள பூட்ஸுக்கும் பனிக்குப் போடற உப்பு மூட்டைக்கும் நடுவுல வரச் சொல்லவா? நல்லா இருக்குடி," என்று அவர் முடித்துவிட்டார். குளிரைத் தடுக்க வாசலுக்கு முன்னால் ஒரு சிற்றறை கட்டலாம். ஆனால் மண் இளகி அடித்தளம் போட மே மாதம் ஆகும்.

அந்நாட்களில் அவருக்குக் கனவிலும் கதவுகளே வந்தன. சுவரில்லாத கதவுகள், பனிவெளி நடுவே தனியாக நிற்குமாம். ஒன்றைத் திறந்தால் கோடைக் கோதுமை தெரியுமாம்; மற்றொன்றைத் திறந்தால் அவர் பேருந்தில் வந்த பிள்ளைகள் நரைத்த தலையோடு வரிசையில் நிற்பார்களாம். "இழுத்து மூடிட்டுத்தான் எழுந்திருக்கறேன். கனவுலயும் குளிர் உள்ள வந்துடுமே," என்று சொல்லிவிட்டு ஒரு விதையைக் கடித்தார்.

அவர் கனவில் கண்டவாறே இருந்தது, ஊரில் கதவு விற்கும் கோர்னெலின் கடை. விசாலமான கூடத்தில், நிலைகளோடு கதவுகள் அங்குமிங்கும் நின்றன; எதற்கும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்றைத் திறந்து நுழைந்தால் அதே கூடம். பராஸ்கா மட்டும் ஒவ்வொன்றிலும் தலையைச் சற்றுக் குனிந்தே நுழைவார். பிறர் வீடு என்ற நினைப்பு.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் டாமியானும் அங்கே உடன் வந்தார், மூக்குவரை கம்பளித்துண்டு சுற்றிக்கொண்டு. கோர்னெலின் எதிரிலேயே மறுத்துவிடவேண்டும் என்பது அவர் எண்ணம்.

"அவளுக்கு என்னைவிடக் கதவு மேலதான் ஆசை, தம்பி. நீயே சொல்லு. நம்ம குளிருக்கு ரெட்டைக் கதவு ஆகுமா?"

கோர்னெலும் அந்தப் பேருந்தில் வந்தவன்தான். ஆயினும் பொய் சொல்லவில்லை. "ஆகாது மாமா. நடுவுல எவ்வளவு ரப்பர் வெச்சாலும் கொஞ்சம் கசியும். அத்தை, அகலமான ஒத்தைக் கதவு ஒண்ணு தர்றேன். நிம்மதியா இருங்க."

"கேட்டியா? ஒரு சாயங்காலத்துக்காக வருஷம் பூரா தெருவச் சூடாக்கணுமாம். நான் உள் ரூம்லயே இருந்துக்கறேன், பராஸ்கா. விடு."

பராஸ்கா சன்னலருகே போனார். தெருப்பக்கம் பார்த்துக் கையசைத்தார். மாதா கோவில் நிலவறையில் ஒத்திகை முடித்துவிட்டு, அவர் கேட்டுக்கொண்டபடி, நட்சத்திரத்தோடு நாங்கள் பதினைந்து பேரும் கடைக்குள் வந்தோம்.

முதலில் எங்களை அகலமான ஒற்றைக் கதவு வழியாகப் போகச் சொன்னார். இருவர் இருவராக நுழைய முயன்றோம். தடித்த அங்கிகள் உரச, நிலையில் மாட்டிக்கொண்டோம். நட்சத்திரம் சாய்ந்தது. பாதிப்பேர் உள்ளே வந்தபோது மீதிப்பேர் வெளியே நின்றார்கள். டாமியான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து நின்றது காட்சிக்கு வைத்த இரட்டைக் கதவு. புதியதாகச் சொன்னால் வந்துசேர மார்ச் ஆகும். ஆறாம் தேதிக்குள் கிடைக்கக்கூடியது இது ஒன்றே. நட்சத்திரத்தைச் சுற்றி எங்களை நெருக்கி நிற்கவைத்துவிட்டு, பராஸ்கா இரண்டு பக்கங்களையும் ஒருசேர இழுத்துத் திறந்தார்.

"கும்பலா வா!"

நாங்கள் ஒரே அலையாக நுழைந்தோம். நட்சத்திரம் நிமிர்ந்தபடியே வந்தது. கடைசி ஆள் நுழைந்த கணமே எங்களுக்குப் பின்னால் கதவு சாத்திய ஓசை கேட்டது. அப்போது பாட்டு கிளம்பியது. எவர் தொடங்கினார் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. நட்சத்திரத்தோடு ஒரு வாசலைத் தாண்டினால் பாடியே பழகிய வாய்கள். நோன்பு முடியாமல், பண்டிகை மாலை வராமல், எந்த வாசலிலும் அந்தப் பாட்டைப் பாடலாகாது. முதல் அடி முடிவதற்குள் ஸ்லாவ்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்களும் திகைத்து நிறுத்தினோம்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தவாறே, துண்டைக் கீழே இறக்கிவிட்டு, டாமியான் கீழ்க்குரலைத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன. அந்த அடியை முடித்த பிறகே அவருக்கு இருமல் வந்தது. அதுவும் சிறிய இருமல்.

அவர் கண் திறந்து நட்சத்திரத்தைப் பார்த்தார்.

"எங்கயும் இடிக்கல," என்றார். பிறகு கோர்னெலிடம், "ஆறாம் தேதிக்குள்ள மாட்டிடுவியா?"

"மாட்டிடறேன் மாமா. அரை நாள் வேலை. அன்னிக்கு நீங்க ஸ்லாவ்கா வீட்டுல இருங்க." அவன் தாழ்ப்பாள்கள் நிறைந்த தட்டை எடுத்து வந்தான். "அத்தை, ரெண்டு பக்கத்தையும் சேத்து எத்தனை தடவ தொறப்பீங்க? அதுக்குத் தகுந்த தாழ்ப்பாள் போடணும்."

பராஸ்கா டாமியானின் துண்டை மீண்டும் மூக்குவரை ஏற்றி, பின்னங்கழுத்தில் முடிச்சிட்டுக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவ," என்றார்.