இருபது விரல்கள்

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் இருவரையும் சரியாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இல்லை. நானும் என் தங்கையும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். முகம், குரல், முன்பல்லில் இடைவெளி எல்லாம் ஒன்றுதான். பெற்ற ஆத்தாவே முதுகுப்பக்கமாகப் பார்த்தால் பேரை மாற்றிக் கூப்பிடுவாள்.

யுத்த காலம். ஐந்தாம் வகுப்பில் இருந்தோம். ஒருநாள் சார், உலகத்தில் எந்த இரண்டு பேருக்கும் விரல் ரேகை ஒன்றுபோல இருக்காது என்றார். என் தங்கை எழுந்து நின்றாள்.

"எங்க ரெண்டு பேருக்குமா சார்?"

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அது எனக்குத் தெரியலை. வீட்டுல பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தா களையெடுக்கப் போயிருந்தாள். சிம்னி விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, உடைந்த சட்டித் துண்டைச் சுடருக்கு மேலே பிடித்துக் கரி சேர்த்தோம். விரலை அழுத்தி ஒற்றினால் வெறும் கறுப்புத் திட்டுத்தான் விழுந்தது. லேசாகத் தொட்டு லேசாக வைத்து எடுக்கப் பழகுவதற்குள் பாதி நோட்டு தீர்ந்துவிட்டது.

எங்கள் இருவரின் வலது கட்டைவிரல்களும் ஒன்றுபோலவே விழுந்தன. கோடுகள் ஒரு பக்கத்திலிருந்து ஏறி, வளைந்து, வந்த பக்கமே திரும்பின. ஆள்காட்டி விரலும் அப்படியே. "சார் சொன்னது தப்புடி" என்றாள் தங்கை. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. மற்ற விரல்களையும் கரியில் தொட்டோம்.

வலது மோதிர விரலில் என்னுடையது கன்றுக்குட்டி நெற்றியில் இருப்பதுபோல ஒரு முழுச் சுழி. அவளுடையதில் சுழியே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். மூன்று தடவையும் அப்படியேதான். பிறகு கட்டைவிரலுக்குத் திரும்பி, ஊசி முனையால் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்தோம். அவளுடையதில் ஒரு கோடு நடுவழியில் இரண்டாகப் பிரிந்தது. என்னுடையதில் அதே கோடு சும்மா நின்றுவிட்டது. அதன்பிறகு பார்த்த இடமெல்லாம் வித்தியாசம். நாங்கள் ஒருவரையொருவர் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம்.

"சீமெண்ணெய் கெடைக்காத காலத்துல பகல்ல எதுக்குடி வெளக்கு?" என்றபடி வந்த ஆத்தா, எங்கள் கரி மூக்கையும் தாள்களையும் கண்டு நின்றாள். நான் விவரம் சொன்னேன். எங்கள் கைகளை வெளிச்சத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கைப்புள்ளையா இருக்கையில மூத்தவளுக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன். ஒருநா குளிப்பாட்டையில அவுந்து போச்சு. மாத்திக் கட்டிட்டேனோன்னு இன்னைக்கு வரைக்கும் சந்தேகந்தான்" என்றாள்.

"அப்ப நான்தான் மூத்தவளா?" என்று தங்கை கேட்டாள்.

"தெரியலடி." ஆத்தா எங்கள் விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கயித்த நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். இது வயித்துக்குள்ளயே எழுதியிருக்கு. எப்ப எழுதுச்சு? சுமந்தவ எனக்கே தெரியலையே."

மறுநாள் தாளைச் சாரிடம் கொடுத்தோம். சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அது கைமாறிப் போகப் போகச் சத்தம் அடங்கியது. அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. சன்னல் பக்கமும் வாசல் பக்கமுமாக நின்று, அவரவர் விரலை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.