தீர்ப்புக்குப் பிறகு அக்காவின் பசி

விவாகரத்துச் சட்டம் வந்த புதிது. அத்தான் வேறொருத்தியுடன் வாழ்ந்ததால் அக்கா வழக்குப் போட்டிருந்தாள். திருவள்ளூர் கோர்ட்டில் அன்று அவளுக்கு விவாகரத்து கிடைத்தது. நான் படித்த கதைகளில் புருஷனைப் பிரிந்தவள் கிணற்றில்தான் விழுவாள். பயத்தில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பசிக்குதுடி, நாஷ்டா துன்னலாமா?" என்றாள் அக்கா.

திடுக்கிட்டேன். எதிர் ஓட்டலில் சூடான இட்லியைப் பிட்டு வாயில் வைத்ததும் அழத் தொடங்கினாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கல்யாணமானதுலேர்ந்து சூடா துன்னதே இல்லடி. அந்தாளு மிச்சம் வெச்சாத்தான் எனக்குச் சோறு. இல்லேன்னா பட்டினி."

அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் "நல்லாக்கீறேன்" என்று சிரித்தவள் அவள். சட்டம் அவளை எதிலிருந்து விடுவித்தது என்பதை, அவள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.