தம்பியின் பூத்தில் சிவப்பு போன்

தாராளமயம் என்றால் என்னவென்று இன்று வரை எனக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. தொண்ணூற்றொன்றில் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பேப்பர் படித்த ஆம்பளைகள் எல்லாரும் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். இனிமேல் ஊரெல்லாம் கம்பெனி வரும் என்றார் ஒருவர். இருக்கிற கம்பெனியையும் இழுத்து மூடப்போகிறார்கள் என்றார் இன்னொருவர். ரெண்டு பேரும் படித்தது ஒரே பேப்பர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது, அது மட்டும்தான் புரிந்தது.

அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கறுப்பு போனில் விரலை விட்டுச் சுற்றுகிற வட்டத் தகடு இருக்குமே, அதை அடித்துக் கொடுக்கிற பட்டறை. அதுவரைக்கும் போன் என்றால் டெலிபோன் இலாகா கொடுக்கிற கறுப்பு போன்தான், வேறு எதையும் லைனில் மாட்டக் கூடாது. பிறகு சட்டத்தை மாற்றி, அவரவர் போனை அவரவர் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கடையில் வந்ததெல்லாம் பட்டன் போன். பட்டன் போனுக்கு வட்டத் தகடு எதற்கு? ஆர்டர் நின்றது. முதலாளி ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, "டெல்லில இன்னாமோ பண்ணிட்டாங்கப்பா, எனக்கே ஒண்ணியும் புரியல" என்று கையை விரித்துவிட்டார்.

அதே டெல்லிதான் என் தம்பிக்குப் பிழைப்பும் கொடுத்தது. போலியோவில் ஒரு கால் சூம்பிப்போனவன் அவன். ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை என்று, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைக்க அனுமதி கிடைத்தது. ஒரே வீட்டில் ஒருத்தனுக்குக் கொடுத்து ஒருத்தரிடம் பிடுங்குகிறார்களே, இது என்ன கணக்கு என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

"இது கவர்மென்டாடா, பிரைவேட்டாடா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ரெண்டும்தான்க்கா."

"அதெப்பிடிடா ரெண்டும்?"

"லைன் அவங்களுது, கட நம்பளுது. ரிப்பேர்னா அவங்க வரணும். திட்டு வாங்கறது மட்டும் நானு."

வளைகுடாவில் சண்டை முடிந்து மறுபடியும் ஆள் எடுக்க ஆரம்பித்திருந்த நேரம். என் வீட்டுக்காரர் யாரோ ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து, சவுதியில் வேலை, பம்பாயில் நேர்முகம் என்று வந்து நின்றார். போனால் ரெண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாசம். கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. "பொறக்கறத பாக்காம இன்னாய்யா சம்பாத்தியம்?" என்று கத்தினேன். கத்தினால் அவர் பாட்டுக்குச் சட்டையை மடித்துக்கொண்டிருப்பார். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவரே ஒரு வழி சொன்னார். "செலக்ட் ஆவலன்னா நேரா ரயிலேறி வந்துடுவேன், போனே பண்ண மாட்டேன். செலக்ட் ஆயிட்டா, வெள்ளிக்கெழம காலைல ஒம்போது மணிக்கு மேல மச்சான் பூத்துக்குப் போன் அடிப்பேன். போவாதன்னு உனக்குத் தோணிச்சின்னா எடு. நீ ஒண்ணியும் பேச வேணாம், எடுத்தாலே போதும், வந்துடறேன். போய்ட்டு வான்னா எடுக்காத, அடிக்க வுட்டுடு."

"ஏன், வாயத் தொறந்து பேசினா இன்னாவாம்?"

"உன் கொரல கேட்டுட்டு எப்பிடிடி பிளேன் ஏறுவேன்?"

பஸ் வந்துவிட்டது. நான் எடுப்பதென்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பஞ்சமோ பட்டினியோ, பிள்ளை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் மட்டும் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை தம்பி சென்னைக்குப் போய் ஒரு சிவப்பு பட்டன் போன் வாங்கி வந்தான். கறுப்பு போனைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அதை மாட்டினான். பூத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மணிமங்கலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், "இதுல பேசினா கொரலு நல்லா கேக்குமா?" என்று கேட்டு, கேட்கும் என்று சொன்ன பிறகும் கத்தித்தான் பேசினார். அன்றைக்கு முழுக்க இங்கிருந்து வெளியூருக்குப் பேசுகிறவர்கள் கூட்டம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். தம்பி யாரையும் உள்ளே விடவில்லை. ரிசீவரை ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்தேன், ஊய் என்று சத்தம் வந்தது. லைனுக்கு உயிர் இருக்கிறது. மறுபடியும் எடுக்கப் போனபோது தம்பி கையைத் தட்டிவிட்டான். "எடுத்துக்கினே கீறியேக்கா, மாமாவுக்கு என்கேஜுன்னு வராதா?" சரி என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. வெளியே நின்றவர்கள் தம்பியைக் கண்டபடி ஏசினார்கள். மதியத்துக்கு மேல் அவனும் பாவம், எத்தனை நேரம்தான் கடையை மூடி வைப்பான். போன் அடிக்கவே இல்லை.

செலக்ட் ஆகவில்லை! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுக்காரு செலக்ட் ஆவலியாம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். புருஷனுக்கு வேலை கிடைக்காததற்கு ஒருத்தி இப்படிப் பூரிப்பாளா என்று அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு வைத்தேன். அவர் வரவில்லை. ரயில் லேட்டாக இருக்கும் என்று திங்கட்கிழமை அதையே சூடு பண்ணி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா பூத்தில் வந்து சண்டை போட்டது. "எம்புள்ள மூணு நாளா இந்த நம்பருக்கு அடிக்கறானாம், மணி போய்க்கினே கீதாம், ஒருத்தனும் எடுக்கலியாம். கடைய தொறந்து வெச்சிக்கினு இன்னாடா பண்றீங்க?" வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா என்று நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி லைன்மேனைக் கூட்டிவந்தான். அவர் சிவப்பு போனைப் பார்த்ததுமே பின்வாங்கினார். "இது எங்க போன் இல்லப்பா. கடைல வாங்கினத கடைக்காரன்தான் பாக்கணும்."

"லைன் உங்களுதுதான சார்?" என்றான் தம்பி.

"லைன் நல்லாதான் கீது."

"அப்ப போனுக்கு யாரு பொறுப்பு?" என்று நான் குரலை உயர்த்தினேன். "அதெல்லாம் இன்னும் எங்களுக்கே ஆர்டர் வரலமா" என்றார் அவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முழித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் போட்ட கூச்சலில் மனசு இளகி, போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடியில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். அதைத் தள்ளிவிட்டு, எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, திருப்பி அடிக்கச் சொன்னார். சிவப்பு போன் கிறீச் கிறீச்சென்று அலறியது. "மணிச் சத்தத்த நிறுத்தி வெக்கறதுக்கு ஒரு சுவிட்சு வெச்சிக்கீறான்பா" என்று அவரே வாயைப் பிளந்தார். எங்களில் யார் கண்டோம்? போன் என்றால் அடிக்கும். அடிக்காத போன் என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் அடித்தாரா, அடிக்கவில்லையா? யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. போன் செய்த கம்பெனியையா, விற்ற கடையையா, சட்டத்தை மாற்றினவர்களையா? தம்பி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான், அவனையா? கடைசியில் அந்த லைன்மேனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் போல கழித்து சவுதியிலிருந்து போன் வந்தது. தம்பி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினேன்.

"நல்லா கீறியா?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"கீறேன்."

"அன்னிக்கு எவ்ளோ நேரம் அடிக்க வுட்டேன் தெரியுமா? கட்டாயி கட்டாயி மறுபடி மறுபடி போட்டேன். ஏஜென்ட்டு வேன வெச்சிக்கினு திட்றான். நீ எடுத்துடுவேன்னுதான்டி நெனச்சேன். எடுக்கவே இல்ல. அப்பதான் எனக்கு தைரியமே வந்துச்சி. இங்க வெயில்ல நிக்கும்போதெல்லாம் அத்தத்தான் நெனச்சிக்கறேன்."

யோவ், மணியே அடிக்கலய்யா! வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் பாஸ்போர்ட்டை அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று ஏஜென்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தான். இனிமேல் நினைத்தாலும் வர முடியாது. இதையும் சொல்லிவிட்டால், அந்த மனுஷன் அந்த வெயிலில் எதை நினைத்துக்கொண்டு நிற்பார்? என் வாயை நானே கட்டிப்போட்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

"எடுக்கக் கூடாதுன்னு கையக் கட்டிக்கினு உக்காந்திருந்தேன்" என்றேன்.

"அழுதியா?"

"மணி நின்னப்பறந்தான்" என்றேன்.