சத்தம் போட்ட கார்டு

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் நான் டிசைனராக இருந்தேன். பெயர்தான் டிசைனர். போன வருட லேபிளை எடுத்து, கம்பெனிப் பெயரை மாற்றி, கிளி இருந்த இடத்தில் மயிலை வைத்து, ஓரத்தில் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்தால் புது லேபிள் தயார். எழுத்து உப்பித் தெரிகிற, ராக்கெட் நிஜமாகப் பறந்து வருகிற முப்பரிமாண வேலையெல்லாம் மதுரைக்குப் போய் வரும். அங்கிருந்து வரும் கவரைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த வேலையை எப்படியாவது என் மேசைக்கு இழுத்துவிட வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று என்னுடையது, மற்றது என்னோடு வேலை பார்த்த அண்ணனுடையது. ஒரே நாளில் வாங்கிய ஜோடி. தீபாவளி சீசனுக்கு முன்னால் என்னுடையதில் கிராபிக்ஸ் கார்டு கெட்டு, திரை முழுக்கக் கோடு விழுந்தது. விருதுநகர்க் கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு கார்டுகளைக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். சின்னது உள்ளங்கை அகலம், மேலே அலுமினியத் தகடு மட்டும். பெரியது அதைப்போல இரண்டு பங்கு, முதுகில் ஒரு குட்டிக் காத்தாடி. முப்பரிமாண வேலைக்குப் பெரியதுதான் தோது என்று எனக்குத் தெரியும். பார்த்த நிமிடமே அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். எதையும் பற்றவைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். இந்தப் பக்கத்து வழக்கம் அது. வெளியூர் வியாபாரி வந்தால், இரண்டு கம்பெனிச் சரக்கையும் பொட்டலில் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் பற்றவைப்பார்கள். பற்றவைக்கிற ஆள் விலகி நின்றுகொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. காதால் கேட்டு வியாபாரி சொல்வதுதான் தீர்ப்பு.

கார்டுக்கும் அதே சடங்கு நடந்தது. என் கம்ப்யூட்டரில் பெரியது, அண்ணனுடையதில் சின்னது. இரண்டிலும் ஒரே சரவெடி லேபிள். தீப்பொறிகளை மங்கலாக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு விரலைத் தயாராக வைத்திருந்தோம். அண்ணாச்சி நடுவில் நின்று, "ம், அமுக்குங்க" என்றார். இரண்டு திரையிலும் வேலை முடிந்த அளவைக் காட்டும் நீலக்கோடு நத்தையாக நகர்ந்தது. இரண்டும் ஒன்றாகவே முடிந்தன. ஆச்சரியம் ஒன்றுமில்லை. லேபிள் வேலையின் பாரம் முழுவதையும் கம்ப்யூட்டரின் மூளைதான் சுமக்கும், கார்டு அதைத் திரையில் காட்டும், அவ்வளவே. எனக்கு அது முன்பே தெரியும்.

அண்ணாச்சி திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய கார்டின் காத்தாடி ஙொய்யென்று இரைந்தது. சின்னது ஊமை.

"இதுதான்லே சரக்கு! சத்தத்தப் பாரு. அது நமுத்துப்போன வெடி" என்று அண்ணனின் முதுகில் தட்டினார்.

சத்தம் மருந்தால் மட்டும் வருவதில்லை, சுற்றுகிற இறுக்கத்தாலும் வரும் என்று நாரணாபுரத்தில் வெடி சுற்றப் போகிற என் அம்மாவுக்குத் தெரியும். லேபிள் அடிக்கிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பற்றவைத்தவள் பேசக் கூடாதல்லவா, அந்த வழக்கம் அன்று எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

அடுத்த மூன்று நாளும் எனக்குத் திருவிழா. சாப்பாட்டு டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு ராக்கெட்டைத் திரையில் சுழற்றினேன். பழைய கார்டில் திக்கித் திக்கித் திரும்பியது இப்போது வழுக்கிக்கொண்டு சுழன்றது. மதுரைக்காரன் இனி என்ன செய்வான் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி தன் மச்சானைக் கூட்டிவந்தார். அடுத்த தெருவில் அவருக்கும் அச்சகம் இருந்தது. "கேளுங்க மாப்ள, எம்புட்டுச் சத்தம்!" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார். மச்சான் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தன் அச்சகத்துக்கும் மூன்று வாங்கிப் போடுவதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வேலை சீக்கிரமா முடியுதா?"

வியாபாரியே கேட்டால் பற்றவைத்த ஆள் பதில் சொல்லலாமா கூடாதா என்று வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சியை ஏமாற்றியது உறுத்தாமல் இருந்தது, என்னவோ வீட்டுப் பெரியவரிடம் செய்கிற குறும்பு போல. ஒன்றும் அறியாத இன்னொருவரும் என்னால் ஏமாறப் போகிறார் என்றதும் பொய் சொல்ல வரவில்லை.

"இல்லங்க. நம்ம லேபிளுக்கு ரெண்டு கார்டும் ஒண்ணுதான். சத்தம் அந்தக் காத்தாடியோடது."

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எனக்குப் பெரிசு வேணும்னு இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? என் ராக்கெட்டைச் சுழற்றிக் காட்டினேன். பிறகு அண்ணனின் கம்ப்யூட்டரிலும் அதையே திறந்தேன். அங்கே அது நொண்டியது. மச்சான் என் திரையில் ராக்கெட்டைக் குனிந்து பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

"இது எந்த ஆர்டருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"மதுரைக்குப் போற வேலைய இங்கனயே பாக்கலாம். நான் பழகிட்டேன்."

"அத அவுக பாத்துக்கிடுவாக. நீ மயிலப் பாரு." குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "நாளைக்கு அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு."

சனிக்கிழமை விருதுநகர் பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருக்கவும் முடியாது என்று தெரிந்ததில் இன்னும் எரிச்சல் வந்தது.

கடைக்காரர் கார்டை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிட்டர்ன் சீட்டை எடுத்து, காரணம் எழுதும் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"எதுக்குத் திருப்பித் தாரீக? சத்தம் ஜாஸ்தின்னு போட்டுக்கிடவா? எல்லாரும் அதத்தான் சொல்றாக."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை.

"அப்படிப் போடாதீக. கார்டு ரொம்ப நல்ல கார்டு" என்றேன். "இதுக்குக் குடுக்க எங்க கம்பெனியில வேலை இல்லன்னு எழுதுங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டிய அந்தச் சீட்டைப் பஸ்ஸில் நாலைந்து தடவை படித்தேன். அடுத்த சீசன் தொடங்கும்போது நான் அந்தக் கம்பெனியில் இல்லை, நானாகவே விலகியிருந்தேன்.