புற்றுக்கு எழுதிக் கொடுத்த மனை

வேலிகாத்தான் முள்ளைப் பச்சையாக வெட்டினால் ஒரு வாசனை வரும். புளிப்பா கசப்பா என்று இன்று வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன பௌர்ணமிக்கு மலையைச் சுற்றும்போது, அடி அண்ணாமலை தாண்டியதும் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. ரோட்டோரம் ஒரு ஜேசிபி, வேரோடு பிடுங்கிய முள்செடிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கூட வந்த மருமகள், "கால் வலிக்குதா அத்தை?" என்றாள்.

"காலு இல்லம்மா, வயிறு எரியுது."

பாவம், அவள் பையைத் துழாவி அல்சர் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை என்று அவளிடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? உங்களிடம் சொல்லலாம், உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி.

எண்பதுகளின் தொடக்கம். நானும் வசந்தாவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். ஒரே ஷிப்ட், ஒரே டிபன் டப்பா. அவள் குரலை மாற்றிப் பேசுவதில் பலே கெட்டிக்காரி. எங்கள் சூப்பர்வைசர் குரலில் லைனில் வந்து அதட்டி, என்னை நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வைத்திருக்கிறாள். எத்தனை தடவை ஏமாந்தாலும் மறுபடியும் எழுந்து நிற்பேன். அப்படி ஒரு அசடு நான். என் முதல் பிரசவத்தில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவள் அவள். யாரிடம் சொன்னாலும் "என் சிநேகிதி வசந்தா" என்றுதான் சொல்லுவேன். வெறும் வசந்தா என்று சொன்னதே கிடையாது.

நாங்கள் அப்போது பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். அதில் இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அதையும் வீட்டுக்காரம்மா ஆணி அடித்து மூடி வைத்திருந்தாள். திறந்தால் அவளுடைய மாட்டுக்கொட்டகை தெரியுமாம், கறவை மாட்டுக்குக் கண்ணு பட்டுவிடுமாம். கோடையில் அந்த அறைக்குள் குழந்தை வேர்த்து வேர்த்து அழும். ஊரே அண்ணாந்து பார்க்கிற மலை, எங்கள் வீட்டுக்குள் மட்டும் கிடையாது. எனக்குச் சொந்த வீடு என்றால் மாடி, முற்றம் எதுவும் வேண்டாம். திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல் போதும்.

வசந்தாவின் வீட்டுக்காரர்தான் அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தார். மலைக்கு மேற்கே முள்காடு. பௌர்ணமிக்குக் கூட அங்கே விரல்விட்டு எண்ணுகிற ஜனம்தான் நடக்கும். எனக்கும் வசந்தாவுக்கும் பக்கத்துப் பக்கத்து மனை, நடுவில் சர்வே கல். கல் எதற்கு, நாமென்ன வேலியா போட்டுக்கப் போறோம் என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆஃப் நாள் வந்தால் முள் வெட்டத்தான் போவோம். ஆட்கள் கவைக்கோலால் முள்ளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் கத்தி போடுவார்கள். விழுந்ததை நாங்கள் இழுத்துக் குவிப்போம். வேலிகாத்தானை வெட்டினால் மட்டும் போதாது, கட்டையைத் தோண்டி எடுக்கணும், இல்லாவிட்டால் ஒரு மழைக்கு மறுபடியும் ஆள் உயரம் நிற்கும். காலில் முள் ஏறாத நாள் கிடையாது. வசந்தா என் பாதத்தைத் தன் மடியில் வைத்து ஊக்கால் நெம்பி எடுப்பாள். "டெலிபோன் அம்மாங்களுக்கு வேற வேலை இல்ல" என்று ஆட்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

ஒருநாள் கிழக்குப் பக்கத்துப் புதர் சாய்ந்தது பாருங்கள், அதற்குப் பின்னால் மலை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் முழுசாக. அங்கேயே நின்று, "இங்கதான்டி ஜன்னல் வெக்கணும். தொறந்தா மலை முழுசா தெரியும்" என்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான்டி சரியான எடம் அமைஞ்சிருக்கு" என்றாள். அவள் மனையிலிருந்து பார்த்தால் இடையில் ஒரு பாறைத் திட்டு. பாதி மலைதான் தெரியும். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

கடைசியில் மிஞ்சியது என் மனை நடுவில் ஒரு புதர். அதை வெட்டினால் உள்ளே இடுப்பு உயரத்துக்குப் புற்று. மேஸ்திரி செருப்பைக் கழற்றி விட்டுத் தள்ளி நின்றார்.

"இதுல கை வெக்க மாட்டேம்மா. புள்ளகுட்டிக்காரன்."

புற்று இருக்கிற இடத்தில் வீடு கட்டவே முடியாதா என்றால், அப்படி இல்லை. பாலும் முட்டையும் வைத்து, "வேற எடம் பாத்துக்கம்மா" என்று வேண்டிக்கொண்டால் நாகம் தானாகவே போய்விடும் என்பார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புற்றை எடுத்துவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். வசந்தாவும் அதைத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் பால் ஊற்றினோம். அவளே மஞ்சள் பூசினாள். அடுத்த வாரம் குங்குமம், அதற்கடுத்து மஞ்சள் துணி. மாடு மேய்க்கிற பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். போகச் சொல்லிக் கும்பிட்டோமா, இருக்கச் சொல்லிக் கும்பிட்டோமா, அதை நான் கவனிக்கவே இல்லை.

ஆடி வெள்ளி வந்தது. கூழ் ஊற்றிவிட்டு, ஆவணியில் கடைக்கால் போடுவதாகப் பேச்சு. கற்பூரம் காட்டும்போது வசந்தாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கொண்டை அவிழ்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆடினாள் பாருங்கள் ஒரு ஆட்டம். அவள் குரலே அது இல்லை.

"யாருடி என் எடத்துல கடப்பாரை போடறது?"

நான் தடாலென்று விழுந்தேன். முள் பொறுக்கிய கையாலேயே அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "தாயே, தெரியாம பண்ணிட்டோம். எவ்ளோ எடம் வேணும், சொல்லு தாயே."

"கெழக்குக் கல்லுலேருந்து மேக்குக் கல்லு வரைக்கும் எனக்கு வேணும்!"

அது அப்படியே என் மனை. ஒரு முழம் கூடவும் இல்லை, கம்மியும் இல்லை.

மயங்கி விழுந்தவளை மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து, "என்னாடி ஆச்சு?" என்றாள். சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அந்த அழுகையைத்தான் இன்றைக்கும் என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை.

வரும் வழியில் என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "சர்வே கல்லு எங்க இருக்குன்னு அம்மனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு" என்றார். "ஐயோ, கன்னத்துல போட்டுக்குங்க" என்று நடுரோட்டில் போட்டுக்கொள்ள வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் வசந்தாவிடம், "பூ கட்டிப் போட்டு ஒரு தடவை கேட்டுரலாமாடி?" என்றேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். ஒரு மூலையாவது கிடைக்காதா என்கிற நப்பாசைதான்.

"அம்மா வாயத் தொறந்து சொன்னப்புறம் பூ கேக்கறதா? அடுக்குமாடி?" என்றாள்.

எந்த மேஸ்திரியும் வர மாட்டேன் என்றுவிட்டான். மனையைப் புற்று மாரியம்மனுக்கே எழுதிக் கொடுத்தோம். தர்மகர்த்தா வசந்தாவின் வீட்டுக்காரர். பக்கத்திலேயே அவர்கள் வீடு எழும்பியது. "சாமியப் பாத்துக்க ஒருத்தராவது கிட்ட இருக்கணும்ல?" என்றாள். இருக்கணும்தான். நாங்கள் வேறு ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம், அப்புறம் மாற்றலாகி வெளியூரில் இன்னொன்று. கடைசி வரைக்கும் வாடகைதான். கேட்பவர்களிடம், "எங்க எடத்த அம்மனே கேட்டு வாங்கிக்கிட்டா" என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். என் ஜன்னலை எடுத்துக்கொண்டது அம்மன், வசந்தா இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓட்டினேன்.

ஜேசிபிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வசந்தா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைத் தாண்டிப் பார்த்தேன். புற்று இருந்த இடத்தில் பள்ளம்.

"புத்து எங்கடி?"

"எடுத்தாச்சுடி. அம்மனுக்கு ரோட்டோரமா சின்னதா மண்டபம் கட்டிட்டோம். இங்க லாட்ஜ் வருது, பையனோட ஆசை."

"அம்மா ஒத்துக்கிட்டாளா?"

"பூ கட்டிப் போட்டுப் பாத்தோம். வெள்ளப் பூதான் வந்துச்சு."

ஏதாவது சொல்லியிருக்கணும். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கணும். அவள் என் கையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"பௌர்ணமிக்கு எதுக்குடி பஸ்ல அல்லாடற? மேல ஒரு ரூம் உனக்குன்னு வெக்கச் சொல்றேன், வந்து தங்கிக்கோ. ஜன்னலத் தொறந்தா மலை முழுசா தெரியும்."

கையை உருவிக்கொண்டு நடந்தேன். மருமகள் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். "யாரு அத்தை அவங்க?"

"கூட வேல பாத்தவ" என்றேன்.